இருபத்துநாலாவது டிக்

"விரலை ஆட்டாதே!"

"நான் எங்கே ஆட்டறேன்? உங்க விமானம்தான் ஆடுது."

சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவி இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு விரல் நுனிகளின் மேல் ஒன்றரை மீட்டர் இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு மஞ்சள் விமானம் உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கு அடியில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்திருந்தது. அந்தப் புள்ளிகளில் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நேராக நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. வால் மெல்ல மெல்ல இறங்கித் தண்ணீர் ஜாடிக்குள் போய்க் குத்தியது.

"வால் கனம்," என்றார் மெக்கானிக்.

"போன வாரம் அவரும் அதைத்தானே சொன்னாரு?"

"அந்த ஆள் சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்தாதே! எனக்கே தெரியும்!"

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக ஊர்ப்பட்ட ஜனங்களைப் பெட்டிக்குள் நிற்கவைத்துப் பதினெட்டு மாடி ஏற்றி இறக்கியவர். ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷர் எட்டு மாதம் கண் விழித்து, மெல்லிய மரக் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, மேலே தாள் இழுத்து, மஞ்சள் அடித்துச் செய்த ரிமோட் விமானத்தை ஒருவர் இரண்டு தடவை 'பறக்கத் தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பினால் கோபம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்.

அனுப்பியவர், இந்த மாதிரி விமானங்களைப் பறக்க விடுகிற மைதானத்தின் பாதுகாப்பு அதிகாரி. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவர் 'கூடாது'தான். பேட்டரி ஆடக் கூடாது, ஆட்களின் தலைக்கு மேல் விமானம் போகக் கூடாது, மைதானத்தில் ஓடக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. கழுத்தில் ஒரு விசிலும் கையில் ஒரு நோட்டும் வைத்திருப்பார். நோட்டில் இருபத்துநாலு கேள்வி. இருபத்துநாலுக்கும் டிக் விழுந்தால்தான் விமானம் தரையை விட்டு எழும்பலாம்.

முதல் தடவை அவர் வாலில் இருந்த கீலைப் பிடித்து லேசாக இழுத்தார், கீல் அவர் கையோடு போய்விட்டது. இரண்டாவது தடவை விரலில் தூக்கிப் பார்த்தார், வால் இறங்கிவிட்டது. மூன்று தடவை தேறாத விமானம் அப்புறம் அந்த மைதானத்துக்குள் நுழையவே முடியாது. அரை நாள் தூரத்துக்கு வேறு மைதானமும் இல்லை.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் மெக்கானிக் வீட்டுக்கு வந்ததும் வாயை விட்டுவிட்டார். யாரிடம்? மச்சினனிடம். மனைவியின் தம்பி அவன். இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருக்கிறான்.

"மாமா, என் கடைக் கூரை வெறிச்சுனு இருக்கு. இதைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டா வர்றவன் அண்ணாந்து பார்ப்பான். கழுத்துல கத்தி வைக்க எனக்கும் வசதியா இருக்கும்," என்று அவன் சும்மா சொல்லிவைத்தான்.

"மூணாவது தடவையும் தேறலைன்னா நீயே எடுத்துக்கிட்டுப் போய்த் தொங்கவிடு! போ!" என்று இவர் கத்திவிட்டார். கத்திய வாயை மூடுவதற்குள் அவன் கூரையை அளக்கக் கிளம்பிவிட்டான்.

ஆக, நாளை ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு மூன்றாவது சோதனை. தேறினால் வானம், தேறாவிட்டால் சலூன்.

"வால் கனம்னா மூக்குல எடை வைக்கணும்," என்றார் மெக்கானிக். "லிஃப்டுல எதிர் எடைன்னு ஒண்ணு உண்டு. இதெல்லாம் எனக்குப் பாலபாடம். இவங்க எனக்குச் சொல்லித் தர்றாங்க!"

தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டுகள் ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருந்தார். மூக்குக்குள் ஒன்று ஒட்டினார். இரண்டு ஒட்டினார். மூன்றாவது ஒட்டியதும் விமானம் விரல் மேல் நேராக நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள் மனைவி. "போதும். விடுங்க."

"பாதுகாப்புக்கு இன்னொண்ணு."

"எதுக்கு?"

"லிஃப்டை ஒரு கம்பி தாங்கும். நாங்க ஆறு கம்பி போடுவோம். அதுக்குப் பேர்தான் பாதுகாப்பு."

பாதுகாப்புக்கு இன்னொன்று, அந்த இன்னொன்றின் பாதுகாப்புக்கு ஒன்று என்று இரண்டு குண்டு ஏறின. இப்போது மூக்கு இறங்கி மேஜையில் 'டொக்' என்று இடித்தது.

"இப்போ மூக்கு கனம்," என்றாள் மனைவி.

"தெரியுது!"

"ரெண்டைப் பிச்சு எடுங்க."

எங்கே எடுப்பது? லிஃப்ட் அறையில் இரும்போடு இரும்பை ஒட்டுகிற பசையால் அல்லவா ஒட்டியிருக்கிறார்! குண்டைப் பிய்த்தால் மூக்கும் கூடவே வரும். மெக்கானிக் ஒரு நிமிஷம் தாடையைத் தடவினார். பிறகு, "பேட்டரியைப் பின்னாடி தள்ளினா சரியாயிடும்," என்று வயிற்றுப் பக்கத்து மூடியைத் திறந்து பேட்டரியைப் பிடித்துப் பின்னால் ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே எதுவோ 'நெறுக்' என்றது.

விமானம் நேராக நின்றது. ஆனால் விமானத்தைத் திருப்புவதற்கு வாலில் இருந்த சுக்கான் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டதே தவிர, தட்டினாலும் நேராகவில்லை. சுக்கானைத் திருப்புகிற சின்ன மோட்டாரின் கம்பியைப் பேட்டரி வளைத்துவிட்டிருந்தது.

"ஒண்ணை நேராக்கினா இன்னொண்ணு கோணுது," என்றாள் மனைவி.

"கோணட்டும். கோணினதை நிமிர்த்தறதுக்குத்தான் என்னை அம்மா பெத்துப் போட்டிருக்காங்க."

கம்பியைக் கழற்றி, நிமிர்த்தி, மாட்டினார். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் பஞ்சு வைத்தார். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. அடுத்து, சுக்கான் சொன்ன பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

மனைவி நோட்டீஸை எடுத்தாள். இருபத்துநாலு கேள்வியும் அச்சடித்த தாள் அது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பொடி எழுத்தெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் படித்தாள்.

"பத்து. குச்சியை இடது பக்கம் தள்ளினா சுக்கான் இடது பக்கம் திரும்பணும்."

மெக்கானிக் மேஜைக்கு முன்னால், விமானத்தின் மூக்குக்கு நேர் எதிரே நின்றார். ரிமோட்டில் குச்சியை இடது பக்கம் தள்ளினார். சுக்கான் அவருடைய வலது பக்கம் திரும்பியது.

"பாத்தியா! தலைகீழா வேலை செய்யுது!"

"ஏங்க, நீங்க எதிர்ல நிக்கிறீங்க. பின்னாடி வந்து நின்னு பாருங்க."

"எதிர்ல நின்னா என்ன, பின்னாடி நின்னா என்ன? இடது இடதுதான்!"

"கண்ணாடி முன்னாடி நின்னு பேசுற மாதிரி பேசறீங்க."

அவர் காதில் அது ஏறவில்லை. ரிமோட்டில் 'திசை மாற்று' என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதை அமுக்கினார். இப்போது எதிரே நின்று பார்க்கச் சரியாக இருந்தது. வெற்றிக் களிப்போடு விமானத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். அங்கிருந்து பார்த்தால் தப்பாக இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

செய்ததை மாற்றிவிட்டால் முடிந்துபோயிற்று. ஆனால் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் எப்படிச் செய்ததை மாற்றுவார்? "ரிமோட்டை நம்ப முடியாது. கம்பியையே அந்தப் பக்கம் மாத்திக் கட்டிடறேன்," என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவர் தேட உள்ளறைக்குப் போனார். வந்து, கால் மணி நேரம் குனிந்து, கம்பியை மறுபக்கத் துளைக்கு மாற்றினார். குச்சியை இடது பக்கம் தள்ளினார். சுக்கான் வலது பக்கம் போயிற்று.

"இது பேய் பிடிச்ச விமானம்!"

"பேயெல்லாம் இல்ல. நீங்க ஸ்க்ரூடிரைவர் தேடறப்போ நான் ரிமோட்டைச் சரி பண்ணிட்டேன்."

"யார் உன்னைச் சரி பண்ணச் சொன்னது?"

"நீங்க பண்ணலை. அதான் நான் பண்ணினேன்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திருத்தியதில் தப்பு ஜம்மென்று பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை மறுபடி பழைய துளையில் மாட்டினார். சரியாயிற்று. அரை நாளில் முதல் தடவையாக மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏதோ உறைத்தது.

"ஆமா, ரிமோட்டை எப்படிச் சரி பண்ணினே?"

"எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடட்டுமான்னு அதுவே கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. எல்லாத்தையும்."

மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்ததெல்லாம் போயிற்று. மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். கூரை என்றதும் சலூன் ஞாபகம் வந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

"தோத்துடுவேன்னு நினைக்கிறானா அவன்? ஒரு கை பாத்துடறேன்! படி!"

மணி நாலுக்குள் பாதியைப் பதிந்துவிட்டார். மனைவி அடுத்ததைப் படித்தாள்.

"பதினேழு. ரிமோட் அணைஞ்சுபோனா விமானத்தோட மோட்டார் தானா நிக்கணும். அடைப்புக்குறிக்குள்ள ஒண்ணு போட்டிருக்கு. வீட்டுக்குள்ள சோதிக்கிறப்போ மூக்கு விசிறியைக் கழட்டிடணும்."

"அதெல்லாம் புதுசா வர்றவனுக்கு. நானா புதுசு? ஒரு செகண்ட் வேலை. கழட்டி மாட்டறதுக்குள்ள சோதிச்சே முடிச்சுடலாம்."

"போட்டிருக்கே."

"போட்டிருந்தா? இருபத்தாறு வருஷம் நான் பாக்காத விசிறியா?"

ஆனாலும் மனுஷருக்குத் தொழில் புத்தி போகுமா? வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற பாதுகாப்பு பெல்ட்டை எடுத்து வந்து விமானத்தின் வாலை மேஜைக் காலோடு இறுக்கிக் கட்டினார். ரிமோட்டை மனைவி கையில் கொடுத்தார். மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிடச் சொன்னார். விசிறி சுற்றியது. செய்தித்தாள் பறந்தது.

"இப்போ ரிமோட்டை அணை!"

அணைத்தாள். மோட்டார் நிற்கவில்லை. 'ரிமோட் போனால் நின்றுவிடு' என்று பதிந்து வைத்திருந்ததும் பழையபடி ஆகிவிட்ட பட்டியலில் சேர்ந்துபோயிருந்தது. அது கடைசியாகக் கிடைத்த உத்தரவைப் பிடித்துக்கொண்டு விடாமல் ஓடியது.

"அணைன்னு சொன்னேனே!"

"அணைச்சுட்டேனே!"

"அப்போ போடு!"

"எதைப் போட?"

"ரிமோட்டை!"

"இப்போதானே அணைக்கச் சொன்னீங்க!"

பெல்ட் நல்ல பெல்ட், எண்பது கிலோ ஆளைத் தாங்குவது. விமானத்தை விடவில்லை. ஆகவே விமானம் மேஜையையே இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தது. விசிறி திரைச்சீலையைப் பிடித்தது. திரைச்சீலை கம்பியைப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மச்சினன் உள்ளே வந்தான். கம்பி அவன் தலையில் விழுந்தது.

மெக்கானிக் பாய்ந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். வீடு அமைதியாயிற்று. திரைச்சீலை நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சினன் தலையைத் தேய்த்துக்கொண்டே பார்த்தான். "மாமா, இது பறக்குதோ என்னமோ, முடி நல்லா வெட்டும்போல இருக்கு."

"எதுக்குடா வந்தே?"

"கூரைக்குக் கொக்கி வாங்கிட்டேன். சங்கிலியா கயிறான்னு கேக்க வந்தேன்."

"வெளியே போ!"

"போகாதே," என்றாள் அக்கா. "இன்னும் தூரச் சோதனை பாக்கி இருக்கு. அதுக்கு மூணு ஆள் வேணும்."

விசிறியின் ஓரத்தில் ஒரு கீறல். கீறல் விழுந்த விசிறியை மாட்டினால் அது ஓடுகிற வேகத்தில் தெறித்துப் போய் யார் கண்ணிலாவது குத்தும். மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புது விசிறியை எடுத்தார். அதை மாட்டவில்லை, மேஜையில் வைத்துக்கொண்டு முதலில் 'நின்றுவிடு' என்பதைப் பதிந்து, பதினேழாம் கேள்வியை மறுபடி சோதித்தார். ஒரு தடவை போதும் என்று தாளில் இருந்தது. இவர் ஏழு தடவை சோதித்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கே அவளுக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

கடைசியாகத் தூரச் சோதனை. மச்சினன் தெருவில் விமானத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மெக்கானிக் ரிமோட்டோடு முப்பது அடி எடுத்து வைத்துப் போய்க் குச்சிகளை ஆட்ட வேண்டும். மனைவி நடுவில் நின்று தாளில் குறிக்க வேண்டும். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"ஆடுதா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"ஆடுது மாமா!"

"எது ஆடுது?"

"என் கை!"

"சுக்கான் ஆடுதாடா?"

"அதுவும் ஆடுது!"

அறுபது அடி போனார், ஆடியது. நூறு அடி போய்ப் பால் வண்டிக்குப் பின்னால் நின்று கேட்டார், ஆடியது. வெளிச்சம் குறையுமுன் இருபத்துநாலு கேள்விக்கும் மனைவியின் பேனா டிக் போட்டு முடித்தது. விமானத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மெக்கானிக் தெரு நடுவில் நின்றார். எட்டு மாதம். நாளைக்கு ஒரே ஒரு தடவை இது தரையை விட்டு எழும்பிவிட்டால் போதும், அப்புறம் உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் கூட்டம். குடைக்கு அடியில் மேஜை போட்டுப் பதிவேட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மைதானத்தில் யார் வந்தாலும் போனாலும் எழுதிக்கொள்வது அவள் வேலை, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மச்சினன் கயிற்றுச் சுருளோடு வந்து வேலி ஓரமாக நின்றான். கடைசியில் கயிறு என்றே முடிவு செய்திருந்தான்போல.

'கூடாது' வந்தார். நோட்டைத் திறந்தார்.

"இது மூணாவது தடவை."

"எண்ணத் தெரியும் எனக்கு," என்றார் மெக்கானிக்.

அதிகாரி விரலில் தூக்கினார், விமானம் நேராக நின்றது. கீலை இழுத்தார், வரவில்லை. ரிமோட்டை அணைத்தார், மோட்டார் நின்றது. ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். இருபத்திரண்டு. இருபத்துமூன்று. வாலுக்குப் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். நிமிர்ந்து இருபத்துநாலாவது டிக்கையும் போட்டார்.

"போகலாம்."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையா! கூட்டம் கை தட்டியது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சினன் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

மெக்கானிக் விமானத்தை ஓடுபாதையின் நுனியில் வைத்து மண்டியிட்டார். பழுது பார்த்த லிஃப்டில் ஜனங்களை ஏற்றுமுன் அவர் ஒன்று செய்வார். தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தி, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு மாடி ஏறுவார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் வாலின் மேல் கையை வைத்தார். சுக்கானை மெல்ல அசைத்தார்.

லொடக்.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். லொடக். அடிக் கீலில் இருந்த ஊசி ஒரு நூல் அளவு மேலே வந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அதிகாரிக்கே தெரியவில்லை, டிக் போட்டுவிட்டார். ஒரே ஒரு சுற்று, நாலு நிமிஷம், இறக்கிவிடலாம். ஊசி அதுவரை தாங்கும். தாங்கும்தான். தாங்காவிட்டால்?

அவருக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது, விமானத்தின் மேல், ஊசியின் மேல், ஞாயிற்றுக்கிழமையின் மேல். எழுந்தார். பேட்டரி ஒயரைப் பிடுங்கினார்.

"பறக்க விடலை."

'கூடாது' கிட்டே வந்தார். "என்ன சொல்றீங்க?"

"அடிக் கீல் ஆடுது."

"நான் பாத்துட்டேனே. டிக் போட்டாச்சு."

"நீங்க போட்ட டிக்கை நீங்களே வெச்சுக்கோங்க! என் கைக்கு ஆடுது. ஆடுதுன்னா ஆடுது!"

"இன்னிக்குப் பறக்கலைன்னா தேறலைன்னுதான் எழுதுவேன். அப்புறம் இந்த விமானம் உள்ளே வர முடியாது. யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு. பெரிய எழுத்துல எழுதுங்க!"

கூட்டத்திலிருந்து ஒருவர், "ஒரு ரவுண்டு விடுங்க சார், ஒண்ணும் ஆகாது," என்றார்.

மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பினார். "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன ஆளுங்களைத்தான் இருபத்தாறு வருஷமா ரெண்டு மாடிக்கு நடுவுலேருந்து வெளியே இழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்! இது மூணு கிலோ. மேலேருந்து வந்தா உங்க தலையா என் தலையான்னு கேட்டுக்கிட்டு வராது. என் விமானம், என் எட்டு மாசம், பறக்க வேண்டாம்னு நான் சொல்றேன். அதிகாரி சொன்னாலும் சரி, அவங்க தாத்தா வந்து சொன்னாலும் சரி, விட மாட்டேன்!"

மனைவி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "சரியாத்தான் சொன்னீங்க," என்றாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்." அவளிடமிருந்து 'சரி' என்று கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை. மச்சினன் கயிற்றைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான், கயிற்றைத் திரும்பவும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

'கூடாது' எதுவும் எழுதாமல் நோட்டை மூடினார்.

"அந்தக் கீல் ஆடுறது எனக்குத் தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"தெரிஞ்சுதான் டிக் போட்டேன். மோட்டாரைப் போட்டிருந்தா விசில் அடிச்சு நிறுத்தியிருப்பேன். மூணாவது தடவை வர்றவங்க எல்லாருக்கும் இப்படி ஒண்ணை விட்டுவெச்சுப் பாப்பேன். எல்லாரும் 'போகலாம்'னு சொன்ன உடனே ஓடிடுவாங்க. நான் சொல்லியும் போகாத முதல் ஆள் நீங்கதான்." கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினார். "இனிமே இந்த மைதானத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி நீங்க."

"நானா?"

"வேற யாரு?"

கூட்டம் இந்தத் தடவை விசில் அடித்துக் கை தட்டியது. மெக்கானிக்கின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. இரண்டு தடவை விரட்டிய ஆள் தன் நாற்காலியையே எழுந்து கொடுக்கிறான் என்றால் சும்மாவா?

பதிவேட்டு அம்மா ஒரு தாளை நகர்த்தினாள். "இங்கே ஒரு கையெழுத்து."

"படிச்சுட்டுப் போடுங்க," என்றாள் மனைவி. "கீழே பொடி எழுத்துல என்னமோ இருக்கு."

"என்னத்தைப் படிக்கிறது! கையெழுத்துப் போடப் பயப்படற ஆளா நான்?" தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு கையெழுத்துப் போட்டார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அந்த நிமிஷமே பழைய அதிகாரி ஓட ஆரம்பித்தார். நடக்கவில்லை, ஓடினார். காரின் பின்பக்கத்தைத் திறந்து, துணி சுற்றிய ஒரு சிவப்பு விமானத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி எடுத்தார். தூசியை ஊதினார். சத்தமாகச் சிரித்தார்.

மெக்கானிக் பலமாக விசில் அடித்தார். "ஹலோ! மைதானத்துல ஓடக் கூடாது!"

அடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினார். "அவருக்கும் விமானம் இருக்கா? இத்தனை நாளா சொல்லவே இல்லையே. சரிம்மா, அடுத்த ஞாயிறு கீலை மாத்திக்கிட்டு வந்துடறேன். எட்டு மணிக்கு முதல் ஆளா என் பேரை எழுதிக்கோங்க. பறக்க விட்டுக் காட்டறேன்."

பதிவேட்டு அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எப்படி சார் பறக்க விட முடியும்? செக் பண்றவரு இங்கே விமானத்தைத் தொட்டு ஓட்டக் கூடாதுன்னுதானே இப்போ கையெழுத்துப் போட்டீங்க. பாவம், உங்களை மாதிரி ஒருத்தரு வந்து மாட்ட மாட்டாரான்னு அவரும் ஒன்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்தாரு!"